சுகருக்கு மருந்து எழுதும் டாக்டருக்கு உங்கள் ஏஆர்டி (எச்.ஐ.வி.) மாத்திரை தெரிய வேண்டும்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் பேரணாம்பட்டு பக்கத்தில் ஒரு கிராமம். வயது 47. வீட்டில் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. 12 வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறோம். வேலூர் போய் வாங்கி வருவோம். சில வருஷத்துக்கு முன்னால் மாத்திரையை மாற்றினார்கள், இப்போது ராத்திரி ஒரே மாத்திரைதான். வைரஸ் அளவு நன்றாகக் குறைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண் வீட்டுக்கு வந்து விரலில் குத்திப் பார்த்ததில் சுகர் 280 என்று வந்தது. எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார். அங்கே வேலை செய்கிற இரண்டு பேர் எங்கள் தெரு. ஒருவர் உறவும்கூட. விஷயம் வெளியே போய்விடும் என்று பயந்து குடியாத்தத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். எச்.ஐ.வி. பற்றிச் சொல்லவில்லை. மெட்ஃபார்மின் 1,000 காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கொடுத்தார்கள். நான்கு வாரமாக வயிற்றுப்போக்கு, குமட்டல். ஏஆர்டி மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அதை ஐந்து நாள் நிறுத்திவிட்டேன். அப்புறம் பயம் வந்து திரும்பவும் சாப்பிடுகிறேன்.

இதற்கு நடுவில் கடைவாய்ப்பல் வலி. பல் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். சொன்ன பிறகு, "இங்கே அதற்கு வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார். ஏஆர்டி சென்டரில் கேட்டால், சுகரை உங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சொன்னால் விரட்டுகிறார்கள், சொல்லாவிட்டால் இப்படி ஆகிறது. பக்கத்து டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டுமா? சாதாரண காய்ச்சல், தலைவலிக்கு நாங்கள் எங்கே போவது?

பதில்:

அம்மா, வணக்கம். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வயிற்றுப்போக்குக்கு ஏஆர்டி மாத்திரையைக் குற்றம் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் சுகர் மாத்திரையின் அளவுதான் காரணம். ராத்திரி நீங்கள் சாப்பிடும் அந்த ஒரு மாத்திரைக்குள் பொதுவாக மூன்று மருந்துகள் இருக்கும்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். டப்பாவின் மேல் இந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகம் வழியாக வெளியே போகிற மருந்து. டோலுடெக்ராவிர் அந்த வழியைக் கொஞ்சம் அடைக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களின் உடம்பில் மெட்ஃபார்மின் ஏறத்தாழ 80 சதவீதம் கூடுதலாகத் தங்குகிறது. நீங்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 2,000 மில்லிகிராம். உடம்புக்கு அது 3,500 அளவுக்குப் போய்ச் சேருகிறது. வயிறு கலங்காமல் என்ன செய்யும்?

டோலுடெக்ராவிர் சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு மொத்தம் 1,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதற்குமேல் சுகர் குறைய வேண்டுமென்றால் கிளிமிபிரைடு மாதிரி வேறு மாத்திரையைச் சேர்த்துக்கொள்ள முடியும். இதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். ஆனால் அடுத்த மாதம், பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் நாளைக்கே போங்கள். போனதும் கிரியாட்டினின் பரிசோதனை கேளுங்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. நான்கு வாரம் வயிற்றால் போனால் உடம்பில் நீர் வற்றும். டெனோஃபோவிர் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகத்தை எப்போதுமே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருக்கும்போது அந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இதற்கு நடுவில் வாந்தி அதிகமாகி, சாப்பாடே இறங்கவில்லை என்றால் அன்றைக்கு மெட்ஃபார்மினைச் சாப்பிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, எழுந்து நிற்க முடியாத அளவுக்குச் சோர்ந்தாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏஆர்டியை ஐந்து நாள் விட்டதை நினைத்து இப்போது கலங்க வேண்டாம். திரும்ப ஆரம்பித்தது சரி. விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். அடுத்த முறை சென்டருக்குப் போகும்போது ஆலோசகரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) பரிசோதனையை முன்கூட்டியே எடுப்பார்கள். இனிமேல் எந்த மாத்திரையால் சந்தேகம் வந்தாலும், கடைசியாக நிறுத்த வேண்டியது ஏஆர்டி.

சரி, இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

சட்டப்படி நீங்கள் எந்த டாக்டரிடமும் சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்தது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் நிலையை வெளியிடும்படி யாரும் உங்களை வற்புறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே சொல்லாமல் போனது குற்றம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை உண்டாக்கியவர்கள் என்னைப் போன்ற மருத்துவத் துறைக்காரர்கள்தான்.

ஆனாலும், ஒரே ஒரு டாக்டரிடமாவது சொல்லுங்கள் என்றுதான் நான் சொல்வேன். குடியாத்தம் கிளினிக் டாக்டர் உங்களுக்குத் தப்பாக மருந்து எழுதவில்லை. 280 சுகர் இருக்கும் எத்தனையோ பேருக்கு அது சரியான அளவுதான். அவருக்கு உங்கள் ராத்திரி மாத்திரை தெரியாது. நாளைக்கு மூட்டு வலி என்று போனால் டைக்ளோஃபினாக் ஊசி போடுவார். நம் பக்கம் எந்த கிளினிக்குக்குப் போனாலும் ஊசி போடாமல் அனுப்புவது அபூர்வம். டெனோஃபோவிரோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால்தான் உங்களுக்கு நல்லது. நெஞ்செரிச்சல் என்று மெடிக்கல் ஷாப்பில் ஜெலுசில், டைஜீன் வாங்கிச் சாப்பிட்டால், அதிலிருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் ஏறவிடாது. அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ, ஆறு மணி நேரம் பின்னாலோதான் ஏஆர்டி மாத்திரையைப் போட வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான், சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்துப் போடலாம். டி.பி. வந்து ரிஃபாம்பிசின் ஆரம்பித்தால் டோலுடெக்ராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரண்டு வேளையாக்க வேண்டும். இவ்வளவையும் நீங்கள் மனப்பாடம் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். இதைப் பார்த்துக்கொள்ளத்தான் உங்களுக்கென்று ஒரு டாக்டர் தேவை.

யாரிடம் சொல்வது? உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எந்த அரசு மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டு வாங்கலாம். பக்கத்து ஊர் பி.எச்.சி. உங்களுக்கு நிம்மதி என்றால் அங்கே போங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் குடியாத்தம் அரசு மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பேன். கூட்டத்தில் யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள், ரத்தப் பரிசோதனையும் அங்கேயே முடியும், பஸ் வசதியும் உண்டு. தனியார் கிளினிக் டாக்டர் பொறுமையாகக் கேட்கிறவர் என்று உங்கள் மனசுக்குப் பட்டால் அவரிடமே திரும்பப் போவதும் சரிதான். ஆனால் ஆளை மாற்றி மாற்றிப் போகாதீர்கள்.

எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். சீட்டுப் போடும் இடத்தில் சொல்ல வேண்டாம். பி.பி. பார்க்கும் நர்ஸிடமும் வரிசையில் நிற்கும்போது சொல்ல வேண்டாம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "உங்களிடம் தனியாக ஒரு நிமிஷம் பேச வேண்டும்" என்று கேளுங்கள். பிறகு மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டி, "இதைத் தினமும் சாப்பிடுகிறேன் டாக்டர், இதோடு ஒத்துப்போகிற மருந்தாகக் கொடுங்கள். என் விஷயம் உங்களோடு இருக்கட்டும், சீட்டில் பெரிதாக எழுத வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். நோயின் பெயரை வாயால் சொல்லக்கூட வேண்டாம். அந்த மூன்று மருந்தின் பெயரைப் பார்த்தாலே எந்த டாக்டருக்கும் புரிந்துவிடும். உங்கள் சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் அவர் இன்னொரு டாக்டரிடம் பேசலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. சிகிச்சையில் சம்பந்தமே இல்லாத ஊழியரிடமோ, உங்கள் தெருக்காரரிடமோ அவர் சொல்லக் கூடாது.

ஏஆர்டி சென்டரில் உங்களை ஊருக்கு அனுப்பியது எனக்குத் தவறாகப் படவில்லை. சுகர் மாத்திரைக்காக மாதாமாதம் பீடி வேலையை விட்டுவிட்டு நீங்கள் வேலூர் வர வேண்டியதில்லை. வெறுங்கையோடு அனுப்பியதுதான் தவறு. அடுத்த முறை அங்கிருக்கும் மருத்துவ அலுவலரிடம் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: இன்ன மருந்து எடுக்கிறார், கிரியாட்டினின் இவ்வளவு, மெட்ஃபார்மின் 1,000-ஐத் தாண்ட வேண்டாம். கையெழுத்தும் தேதியும் இருக்கட்டும். இந்தத் துண்டுச் சீட்டு இருந்திருந்தால் உங்களுக்கு இந்த நான்கு வாரத் தொல்லை வந்திருக்காது. எழுத நேரமில்லை என்றால், நம்பிக்கை மைய (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) ஆலோசகரை உங்கள் டாக்டரிடம் போனில் பேசச் சொல்லுங்கள். உங்கள் சம்மதத்தோடு அவர் தாராளமாகப் பேசலாம்.

இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏஆர்டி தொடங்கியபோது நாடு முழுவதும் எட்டு ஆஸ்பத்திரிகளில்தான் அது கிடைத்தது. தாம்பரம் அதில் ஒன்று. உயிரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்த காலம். தனி வாசல், தனி டாக்டர், தனிப் பதிவேடு என்று ஏற்பாடு செய்தது அன்றைக்குச் சரி. அப்போது மாத்திரை ஆரம்பித்தவர்கள் இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதைத் தொடுகிறார்கள். மற்ற எல்லோரையும் போல அவர்களுக்கும் சுகர் வருகிறது, பி.பி. வருகிறது, பல் ஆடுகிறது, கண் மங்குகிறது. வைரஸுக்கு ஒரு வாசல் திறந்து வைத்தோம். மற்ற வாசல்களில் நிற்பவர்களுக்கு இவர்களை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்காமல் விட்டோம். ஏஆர்டி சென்டருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பி.பி.யும் சுகரும் அங்கேயே பார்க்க வேண்டும், பி.எச்.சி. டாக்டர் ஒவ்வொருவரின் மேசையிலும் எந்த மருந்து எதோடு சேராது என்ற ஒரு பக்க அட்டவணை இருக்க வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது ஆளும் வேண்டாம்.

பல் விஷயத்துக்கு வருகிறேன். படித்தபோது கோபம் வந்தது.

"அதற்கு வசதி இல்லை" என்று அந்தப் பல் டாக்டர் சொன்னாரே, எந்த வசதி? எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பல் பிடுங்கத் தனிக் கருவி கிடையாது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் கருவிகளைச் சுத்தப்படுத்த வேண்டும், கையுறையும் முகக்கவசமும் போட வேண்டும், ஊசியைக் கவனமாக அப்புறப்படுத்த வேண்டும். அவரிடம் வரும் ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் செய்தே ஆக வேண்டும். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் அதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள். உங்களுக்குச் செய்கிற அளவுக்குச் சுத்தம் அங்கே இல்லையென்றால், யாருக்குமே அங்கே பல் பிடுங்கக் கூடாது.

அவர் பயத்தின் அளவையும் சொல்கிறேன். சிகிச்சை எடுக்காத ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி கையில் குத்தினால்கூட எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான். ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது நூற்றில் முப்பது வரை போகும். உங்களைப் போல வைரல் லோடு அடங்கியவர்களிடம் ஆயிரத்தில் மூன்று என்பதும் இன்னும் வெகுவாகக் குறையும். அப்படியே குத்திவிட்டாலும் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து 28 நாள் சாப்பிடத் தடுப்பு மருந்து இருக்கிறது. உங்கள் பல்லைப் பொறுத்தவரை அவர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி சுகர் எவ்வளவு என்பது. கட்டுப்படாத சுகரோடு பல் பிடுங்கினால் புண் ஆறாது. உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது, அதை அவர் விசாரிக்கவே இல்லை.

வேலூர் மாவட்டத்தில் ஒரு டாக்டர் இப்படிச் செய்வது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சேகரித்த ரத்த மாதிரிகள் நம் வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்துக்குத்தான் பரிசோதனைக்கு வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது இந்த ஊரில். அன்றைக்கு அந்த ரத்தத்தைக் கையால் தொட்டு வேலை பார்த்தவர்களுக்கு இன்றைக்கு இருக்கும் மருந்து எதுவும் இல்லை. இன்றைக்கு எல்லாம் இருந்தும் நம் ஊரில் ஒரு பல்லுக்குக் கை நடுங்குகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. சுகர் கொஞ்சம் இறங்கியதும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்கள். தாடை வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாயைத் திறக்க முடியாமல் போனாலோ சுகர் இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள். பல் சரியான பிறகு, மனசு இருந்தால், புகார் கொடுங்கள். சிகிச்சை மறுப்பதும், எச்.ஐ.வி. பரிசோதனை செய்தால்தான் வைத்தியம் என்று நிபந்தனை போடுவதும் அந்தச் சட்டப்படி பாகுபாடு. தனி ஆள் நடத்தும் சின்ன கிளினிக்குக்கும் அது பொருந்தும். இதை விசாரிக்க மாநில அரசு குறைதீர்ப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம். சாதாரணப் புகாருக்கு 30 நாளுக்குள்ளும், மருத்துவ அவசரம் என்றால் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள்ளும் அவர் உத்தரவு போட வேண்டும். எங்கே, எப்படி எழுதுவது என்று கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். புகார் கொடுத்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் இருந்தால், கொடுக்காமல் விடுவதும் உங்கள் உரிமை. யாரும் உங்களைப் போராளியாக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வருகிற அந்தப் பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் சுகரும் பி.பி.யும் மட்டும்தான். "குடியாத்தம் ஜி.எச்.சில் பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். புது டாக்டர் அளவைச் சரி செய்த பிறகு அந்தச் சீட்டை அவரிடம் காட்டினால், மாதாமாதம் சுகர் மாத்திரை வீட்டுக்கே வர வழி உண்டு. பழைய சீட்டை மட்டும் காட்டிவிடாதீர்கள். இல்லாவிட்டால் மறுபடியும் 2,000 வந்து நிற்கும்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை எப்போதாவது செய்திருக்கிறீர்களா? எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு அந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 25 வயதிலிருந்தே மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டியது. உங்களுக்கு 47. அரசு மருத்துவமனையில் இலவசம், சில நிமிஷ வேலை, வலி அதிகம் இருக்காது. சுகருக்குப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள். அதேபோல இருமல் வந்தால் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. எத்தனை நாள் இருமலானாலும், காய்ச்சல், ராத்திரி வேர்வை, எடை குறைவது எதுவானாலும் டி.பி.க்கான சளிப் பரிசோதனை கேளுங்கள். இப்போது வயிற்றுப்போக்கால் எடை குறைந்திருக்கலாம். அளவைச் சரி செய்த பிறகும் எடை ஏறாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் சுகர் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவரும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். பகல் முழுக்கக் கம்பெனியில் இருப்பதால் வீட்டுக்கு வருகிற பெண் கண்ணில் அவர் பட்டிருக்க மாட்டார். நாளைக்கு நீங்கள் குடியாத்தம் போகும்போது அவரையும் ஒரு நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். சுகர், பி.பி., கிரியாட்டினின் மூன்றையும் இருவருக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம். வெறும் வயிற்றில் போங்கள், மாத்திரை டப்பாவைப் பையில் எடுத்து வையுங்கள்.